இரும்புக்குள் ஒரு சாட்சியம்

நம்மில் பலருடைய வீடுகளில் பழைய பெட்டியின் அடியிலோ அலமாரியின் மேல்தட்டிலோ ஓர் எக்ஸ்ரே படம் கிடக்கும். என்றோ ஒருநாள் விழுந்து கை முறிந்தபோதோ, நெஞ்சுச் சளி நீங்காது வருத்தியபோதோ எடுத்த படம் அது. அதைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தெரிந்தும் தெரியாமலும் நாம் உற்றுநோக்கியிருப்போம். எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. மற்றவை கருமையாகப் படர்ந்திருக்கின்றன. ஆயினும் மருத்துவர் அதே படத்தைப் பார்த்து, மயிரிழை போன்ற கீற்று ஒன்றைச் சுட்டிக்காட்டி, ‘இங்கேதான் முறிந்திருக்கிறது’ என்று கூறும்போதுதான், நம் கண்முன் இருந்ததை நாம் காணவேயில்லை என்பது நமக்குப் புலனாகிறது.

மனித உடலுக்கு எடுக்கப்படுவதைப் போலவே இரும்புக்கும் இத்தகைய படம் எடுக்கப்படுகிறது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. கொதிகலன்கள், கப்பல்கள், எண்ணெய்க் குழாய்கள், அணுமின் நிலையங்களின் கலன்கள் ஆகியவற்றில் இரும்போடு இரும்பைப் பற்றவைத்த இடங்களை ஊடுகதிரால் படமெடுத்து, அப்படத்தைப் படித்து, ‘இது தாங்கும்’, ‘இது தாங்காது’ என்று தீர்ப்புக் கூறுவோர் உலகெங்கும் உள்ளனர். அவர்களுடைய கலை எவ்வாறு பிறந்தது, அக்கலை பெருஞ்சோதனை ஒன்றை எவ்வாறு சந்தித்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கதிரும் உலோகமும்

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள், செருமனியின் வூர்சுபர்க் நகரில் தம் ஆய்வுக்கூடத்தில் பணிசெய்துகொண்டிருந்த வில்லெம் கொன்ராட் ரான்ட்ஜன் என்னும் பேராசிரியர், கண்ணுக்குத் தெரியாத புதிய கதிர் ஒன்றைக் கண்டார். அதன் இயல்பு விளங்காமையால் ‘எக்ஸ்’ என்று பெயரிட்டார். அவ்வாண்டு டிசம்பர் 22-ஆம் நாள் தம் மனைவியின் கையை அக்கதிரால் படமெடுத்ததையும், விரல் எலும்பின்மேல் மோதிரம் மிதப்பது போலத் தோன்றிய அப்படம் உலகை வியப்பில் ஆழ்த்தியதையும் பள்ளிப் பாடங்களில் படித்திருக்கிறோம். 1901-இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்கே வழங்கப்பட்டது. தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற அவர் மறுத்துவிட்டார் என்பது அவர்தம் பெருமைக்குச் சான்று.

ஆனால் பலரும் கவனியாது விட்ட செய்தி ஒன்று உண்டு. அவ்வாண்டின் இறுதியில் அவர் எழுதிய முதல் கட்டுரையிலேயே, கையெலும்புகளின் நிழலோடு, மரப்பெட்டிக்குள் வைத்த எடைக்கற்கள், உலோகத்துள் அடைபட்ட திசைகாட்டி, உள்ளே ஒருசீராக அமையாத உலோகத் துண்டு ஆகியவற்றின் படங்களையும் அவர் குறிப்பிடுகிறார். அக்கதிர் உடலுக்கு மட்டுமன்றி உலோகத்துக்கும் உரியது என்பதைக் கண்டுபிடித்தவரே தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார். எனினும், தடித்த எஃகினுள் ஊடுருவும் ஆற்றல் அக்காலக் கருவிகளுக்கு இல்லை. 1913-இல் அமெரிக்கரான வில்லியம் கூலிட்ஜ் புதுவகைக் கதிர்க்குழல் ஒன்றை அமைத்த பின்னரே வலிமையும் நிலைத்தன்மையும் கொண்ட கதிர் கிட்டியது. 1922-இல் மாசசூசட்சு மாநிலத்து வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில் ஹொரேஸ் லெஸ்டர் என்பார், வார்ப்பு உலோகங்களுக்குள் மறைந்திருக்கும் குறைகளைக் காண்பதற்கென ஆய்வுக்கூடம் நிறுவினார். தொழில்துறை ஊடுகதிர்ப் படக்கலையின் தொட்டில் என அதனைக் கூறுவர்.

ஆணியிலிருந்து பற்றவைப்புக்கு

அந்நாளில் கொதிகலன்களின் தகடுகளைத் தறையாணிகளால் இணைத்தனர். ஒரு தகட்டின் விளிம்பை மற்றொன்றின்மேல் ஏற்றி, துளையிட்டு, காய்ச்சிய ஆணிகளை அடித்து இறுக்குவது வழக்கம். அவ்விணைப்புகளின் இடுக்கில் தோன்றும் விரிசலை எவரும் காண இயலாது. 1905-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள், மாசசூசட்சின் பிராக்டன் நகரில் காலணித் தொழிற்சாலை ஒன்றின் கொதிகலன் வெடித்தது. கட்டடம் சரிந்து தீப்பற்றியதில் 58 பேர் மாண்டனர். ஏற்று இணைப்பின் உள்ளே மறைந்திருந்த விரிசலே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. அப்பேரிடரின் விளைவாக அம்மாநிலம் கொதிகலன் சட்டங்களை இயற்றியது. பின்னர் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் நாடு முழுவதற்குமான கொதிகலன் விதிநூலை வெளியிட்டது.

மின்வில்லால் உலோகத்தை உருக்கிப் பற்றவைக்கும் முறை இதற்கிடையே வளர்ந்தது. அதில் ஆணித்துளைகள் இல்லை, ஏற்று இணைப்பு இல்லை, எடையும் குறைவு. ஆயினும் பொறியாளர்கள் அதனை எளிதில் நம்பவில்லை. ஆணியைச் சுத்தியால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு அதன் இறுக்கத்தை அறியலாம். பற்றவைப்போ மேலே பளபளப்பாக இருந்து உள்ளே பொள்ளலாக இருக்கக்கூடும். வெட்டிப் பார்த்தால் உண்மை தெரியும். ஆனால் வெட்டிய பின் அக்கலன் எதற்குப் பயன்படும்? இந்த இக்கட்டைத் தீர்த்தது ஊடுகதிர்ப் படமே. 1931-இல் அமெரிக்க விதிநூல், ஊடுகதிரால் சோதிக்கப்பட்ட பற்றவைப்புக் கலன்களை ஏற்றுக்கொண்டது. அழிக்காமல் உள்ளே பார்க்கும் வழி ஒன்று கிடைத்தமையால்தான் பற்றவைப்புக்குத் தொழில் உலகில் மதிப்பு வந்தது எனலாம்.

காணப்படாத சிறு குறை என்ன செய்யும் என்பதற்குப் போர்க்காலம் சான்று தந்தது. 1943-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள், ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரின் கட்டுமானத் துறையில், ‘ஸ்கெனெக்டடி’ என்னும் புத்தம் புதிய எண்ணெய்க்கப்பல் அமைதியான நீரில் கட்டப்பட்டு நின்றது. புயல் இல்லை, அலை இல்லை, பகைவர் குண்டும் இல்லை. திடீரெனப் பேரொலியுடன் அதன் மேல்தளமும் பக்கங்களும் அடித்தட்டுவரை பிளந்தன. மேல்தளத்தில் குறையுள்ள பற்றவைப்பு ஒன்றிலிருந்து விரிசல் தொடங்கியது என்று பின்னர் கண்டறிந்தனர். அக்கால எஃகு குளிரில் கண்ணாடி போல நொறுங்கும் இயல்புடையதாக இருந்தமையும் பெருங்காரணம். ஆணியிட்ட கப்பலில் விரிசல் தகட்டின் விளிம்பில் வந்து நின்றுவிடும். முழுதும் பற்றவைத்த கப்பலிலோ அதனைத் தடுக்க எல்லையே இல்லை. குளிர்ந்த எஃகு, கூர்மையான குறை, ஓயாத இழுவிசை ஆகிய மூன்றும் சேருமிடத்தில் பேரழிவு காத்திருக்கிறது என்னும் பாடத்தை உலகம் அன்று கற்றது.

படத்தைப் படித்தல்

ஊடுகதிர்ப் படத்தின் அடிப்படை எளியது. உலோகத்தின் ஒருபுறம் கதிர்மூலத்தை வைப்பர். மறுபுறம் ஒளிபுகா உறைக்குள் பிலிமை வைப்பர். கதிர்மூலம் எக்ஸ்-கதிர்க் குழலாகவோ இரிடியம்-192 போன்ற கதிரியக்கப் பொருளாகவோ இருக்கும். உலோகம் தடித்த இடத்தில் கதிர் குறைவாகவே ஊடுருவும். அங்கே பிலிம் வெளிறி நிற்கும். மெலிந்த இடத்தில், அல்லது உள்ளே வெற்றிடம் இருக்கும் இடத்தில், கதிர் மிகுதியாகப் புகுந்து பிலிமைக் கருமையாக்கும். எனவே பற்றவைப்பு, தகட்டைவிடச் சற்றே புடைத்திருப்பதால், வெளிறிய பட்டை போலத் தோன்றும். அப்பட்டைக்குள் தென்படும் கருநிழல்களையே படிப்பவர் தேடுகிறார்.

ஒவ்வொரு குறைக்கும் ஒரு முகம் உண்டு. உருகிய உலோகத்தில் வாயு சிக்கிக்கொண்டால் வட்டமான கரும்புள்ளிகள் தோன்றும். பற்றவைப்புக் கம்பியின் மேற்பூச்சு உருகித் தரும் கசடு உள்ளே தங்கிவிட்டால் ஒழுங்கற்ற கருந்திட்டுகளோ நீண்ட கோடுகளோ தெரியும். உருகிய உலோகம் அடிவரை எட்டாதிருந்தால் பட்டையின் நட்டநடுவே, அளவுகோல் வைத்து வரைந்தாற்போல நேரான கருங்கோடு ஓடும். பற்றவைப்பின் ஓரத்தில் தகடு அரிக்கப்பட்டிருந்தால் விளிம்பை ஒட்டிக் கருமை படரும். டங்ஸ்டன் துணுக்கு உள்ளே விழுந்திருந்தால், அது எஃகைவிட அடர்த்தி மிக்கதாகையால், கருமைக்கு மாறாக வெண்புள்ளியாக ஒளிரும். எல்லாவற்றினும் கொடியது விரிசல். அதுவோ மெல்லிய, வளைந்து நெளிந்த மயிரிழையாகவே தெரியும். மேலும், கதிர் செல்லும் திசைக்கு இணையாக விரிசலின் ஆழம் அமைந்தாலன்றி அது படத்தில் விழாது. கதிருக்குக் குறுக்கே படுத்திருக்கும் விரிசல் எத்துணைப் பெரிதாயினும் மறைந்தே போகும். அதனால், ‘படத்தில் ஒன்றும் இல்லை’ என்பதும் ‘உலோகத்தில் ஒன்றும் இல்லை’ என்பதும் ஒன்றல்ல. இந்தத் தொழிலின் முதற்பாடம் இதுவே.

ஆகவே, குறையைத் தேடுவதற்கு முன் படமே நம்பத்தக்கதுதானா என்று சோதிக்கவேண்டும். இதற்கென ‘பெனிட்ராமீட்டர்’ என்னும் மெல்லிய உலோகத் தகட்டை, நுண்துளைகளோடு, பற்றவைப்பின் அருகில் வைத்துப் படமெடுப்பர். சில நாடுகளில் தகட்டுக்கு மாற்றாக நுண்கம்பிகளை வைப்பர். குறித்த அந்தத் துளையோ கம்பியோ படத்தில் தெளிவாகத் தெரிந்தால்தான் அப்படம் தகுதி பெறும். தெரியாவிடில் குறை இல்லை என்று அதைக்கொண்டு சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அடுத்து, கருமையின் அளவைக் கருவியால் அளப்பர். அளவு 2 என்றால் விழும் ஒளியில் நூற்றில் ஒரு பங்கே ஊடுருவும். 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு கருத்த படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் படிக்க இயலாது. இருட்டறையில் கண்ணைப் பழக்கிக்கொண்டு, வலிமையான விளக்குப்பெட்டியின்மேல் வைத்தே படிக்கவேண்டும். வெயிலிலிருந்து உள்ளே வந்தவுடன் படத்தை எடுப்பவர் குறையைக் காணமாட்டார்.

படமே பொய் சொல்வதும் உண்டு. பிலிமைக் கையாளும்போது மடங்கினால் பிறைவடிவக் கீற்று விழும், நிலைமின்சாரத்தால் மரக்கிளை போன்ற கோடுகள் தோன்றும், கழுவிய நீர் சொட்டாகக் காய்ந்தால் வட்டக்கறை படியும், விரல்ரேகையும் பதியும். இவற்றை உலோகத்தின் குறை என்று மயங்கி நல்ல பற்றவைப்பை வெட்டச் சொன்னவரும் உண்டு. இதற்காகவே ஒரே உறைக்குள் இரு பிலிம்களை வைத்து எடுப்பதுண்டு. இரண்டிலும் ஒரே இடத்தில் தெரிவது உலோகத்தின் குறை. ஒன்றில் மட்டும் தெரிவது பிலிமின் கறை. இரு சாட்சிகளின் வாக்கு ஒத்திருந்தால்தான் தீர்ப்பு என்னும் பழைய நெறியை இத்தொழிலும் தன் வழியில் கண்டுகொண்டது.

ஈயத்தால் ஆன எழுத்துகளும் எண்களும் படத்தின் ஓரத்தில் விழுமாறு வைக்கப்படும். எந்தக் குழாய், எத்தனையாவது பற்றவைப்பு, எந்த நாள் என்பதை அவை கூறும். அவை இல்லையேல் படம் யாருடையது என்று அறியாத எக்ஸ்ரே போல ஆகிவிடும். இந்தச் சிறு ஈய எண்களைச் சுற்றித்தான் இனி நாம் காணவிருக்கும் வரலாறு சுழல்கிறது.

பனிநிலத்தில் ஒரு குழாய்வழி

1968-இல் அலாஸ்காவின் வடகோடியில், ஆர்க்டிக் கடலோரத்துப் புரூடோ விரிகுடாப் பகுதியில் பெரும் எண்ணெய் வளம் கண்டுபிடிக்கப்பட்டது. பனியால் உறையும் அக்கடலில் கப்பல் செல்வது அரிது. ஆகவே தெற்கே, உறையாத துறைமுகமாகிய வால்டெஸ் வரை 800 மைல் நீளத்துக்குக் குழாய் அமைக்கத் திட்டமிட்டனர். சூழல் பற்றிய வழக்குகளால் பல ஆண்டுகள் தடைப்பட்ட அத்திட்டத்துக்கு, எண்ணெய் நெருக்கடி மூண்ட 1973-ஆம் ஆண்டின் நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச்சட்டத்தால் வழிதிறந்தது. எண்ணெய் நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த அலியெஸ்கா என்னும் நிறுவனம் பணியை மேற்கொண்டது. 1975 மார்ச்சு மாதத்தில் டோன்சினா ஆற்றில் முதற்குழாய் இறக்கப்பட்டது.

குழாயின் விட்டம் 48 அங்குலம். நம்மில் ஒருவர் குனிந்து உள்ளே நடக்கலாம். ஏறத்தாழ 40 அடி நீளமுள்ள துண்டுகளை ஒன்றோடொன்று பற்றவைக்கவேண்டும். 800 மைலை 40 அடியால் வகுத்துப் பார்த்தால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுப் பற்றவைப்புகள் தேவை என்பது விளங்கும். அக்குழாய் மூன்று மலைத்தொடர்களைக் கடக்கிறது. நூற்றுக்கணக்கான ஆறுகளையும் ஓடைகளையும் தாண்டுகிறது. என்றும் உருகாத உறைமண்ணின் மேலும் உள்ளும் செல்கிறது. நிலநடுக்கம் மிகுந்த பகுதி அது. ஆண்டின் ஒரு பகுதியில் தட்பம் சுழியத்துக்குக் கீழே நாற்பது பாகை செல்சியசுக்கும் இறங்கும். ஸ்கெனெக்டடி கப்பலின் பாடத்தை அறிந்தவர்களுக்கு இவ்விடத்தின் ஆபத்து புரியாமலில்லை. எனவே, சாதாரணக் குழாய்வழிகளில் ஒரு பகுதியையே படமெடுப்பது வழக்கமாக இருந்தும், இங்கே முதன்மைக் குழாயின் ஒவ்வொரு சுற்றுப் பற்றவைப்பையும் ஊடுகதிரால் படமெடுக்கவேண்டும் என்று அரசு நிபந்தனை விதித்தது.

இத்தகைய பெருங்குழாயில் கதிர்மூலத்தை உள்ளே நடுமையத்தில் நிறுத்தி, வெளியே பிலிமைச் சுற்றிக் கட்டிவிட்டால் ஒரே வெளிப்பாட்டில் சுற்று முழுவதையும் படமெடுக்கலாம். சொல்வதற்கு எளிது. ஆனால் பற்றவைப்போர் முன்னே செல்லச் செல்ல, படமெடுப்போர் பின்னே ஓடவேண்டும். குளிரில் பிலிம் விறைக்கும். நடமாடும் இருட்டறைகளில் கழுவவேண்டும். குறை கண்டால் வேலையை நிறுத்தவேண்டும். பின்னால் குழி மூடுவோர் காத்திருப்பர். ஒரு பற்றவைப்பு மண்ணுக்குள் போய்விட்டால் அதைப்பற்றிக் கூறுவதற்கு எஞ்சியிருப்பது அந்த ஒரு படம் மட்டுமே.

காணாமற்போன உண்மை

1975-ஆம் ஆண்டிலேயே கலக்கம் தொடங்கியது. படமெடுக்கும் ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், பொய்ப்படங்கள் தயாரிக்க உடன்படாததால் தாம் வேலையிழந்ததாக வழக்குத் தொடுத்தார். நன்றாக அமைந்த பற்றவைப்பு ஒன்றை மீண்டும் மீண்டும் படமெடுத்து, ஈய எண்களை மட்டும் மாற்றி, வேறு பற்றவைப்புகளின் படம் எனக் கணக்கில் சேர்த்தனர் என்பது குற்றச்சாட்டின் சாரம். அந்த ஒப்பந்த நிறுவனத்தை நீக்கிய அலியெஸ்கா, 1975-இல் எடுத்த படங்கள் அனைத்தையும் மறுபடியும் படிக்க முற்பட்டது.

மறுவாசிப்பில் உண்மை வெளிப்பட்டது எவ்வாறு? ஒவ்வொரு பற்றவைப்பும் மனிதக் கையின் வேலை. அதன் அலைபோன்ற வரிகளும், சிறுபுள்ளிகளும், விளிம்பின் நெளிவுகளும் கைரேகையைப் போலத் தனித்தன்மை உடையவை. ஈய எண்ணை மாற்றலாம். பற்றவைப்பின் முகத்தை மாற்ற இயலாது. இரு படங்களை அருகருகே வைத்து ஒப்பிட்டால், வெவ்வேறு எண்களின் கீழே ஒரே முகம் தெரியும். பொய் சொல்லப் பயன்பட்ட அதே பிலிமே பொய்யை வெளிப்படுத்தியது.

ஆராய்ந்த ஏறத்தாழ 30,800 பற்றவைப்புகளில் 3,955 பற்றவைப்புகள் ஐயத்துக்கு உரியவை என்று 1976-இல் அறிவிக்கப்பட்டது. எட்டில் ஒன்றுக்குச் சற்று மிகுதி. நாளிதழ்களில் இச்செய்தி பரவியதும் அமெரிக்க நாடாளுமன்றத்தில் விசாரணைகள் நடைபெற்றன. அரசு உயரலுவலர்கள் அலாஸ்காவுக்கே சென்று பார்வையிட்டனர்.

இங்கே நாம் கூர்ந்து நோக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த 3,955-உம் குறையுள்ள பற்றவைப்புகள் அல்ல. சிலவற்றில் விதிக்கு மிஞ்சிய குறைகள் இருந்தன. சிலவற்றின் படங்களே கிடைக்கவில்லை. சிலவற்றின் படங்கள் படிக்கத் தகுதியற்றவையாக இருந்தன. சிலவற்றின் படங்கள் வேறொரு பற்றவைப்பினுடையவை. பின் இரு வகைகளிலும் காணாமற்போன வகையிலும், இரும்பு நன்றாகவே இருந்திருக்கலாம். திறமையும் நேர்மையும் மிக்க ஒருவர் உறைபனியில் மண்டியிட்டு, கைவிறைக்கச் செய்த மாசற்ற வேலையாகவும் அது இருந்திருக்கலாம். ஆயினும் அது நல்லது என்று கூற எவராலும் இயலவில்லை. ஏனெனில், அதற்காகச் சாட்சி சொல்லவேண்டியவர் பொய்ச்சாட்சி சொல்லிவிட்டார். பொய்ப்படம் தீய பற்றவைப்பை மறைப்பதோடு நிற்பதில்லை. நல்ல பற்றவைப்பின் நற்பெயரையும் அழித்துவிடுகிறது. ஒரு படம் பொய் என்று தெரிந்தவுடன், அக்கையெழுத்தின் கீழ் வந்த ஆயிரம் உண்மைப் படங்களும் ஐயத்துக்கு உரியவையாகின்றன.

அதனால் மண்ணை மீண்டும் தோண்டினர். புதைத்த குழாய்களை வெளிக்கொணர்ந்து, படமெடுத்து, தேவையான இடத்தில் பழுதுநீக்கி, மறுபடியும் மூடினர். ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தச் சொல்லிய பொய்க்கு, ஒரு கோடைகாலத்தின் உழைப்பு முழுவதும் விலையாயிற்று.

விதியும் விவேகமும்

இவ்வரலாற்றின் இரண்டாம் பகுதி இன்னும் ஆழமான வினா ஒன்றை எழுப்புகிறது. ஆறுகளுக்கு அடியில், ஆழத்தில் சென்றுவிட்ட பற்றவைப்புகளை என்செய்வது? அவற்றை வெளிக்கொணர்வது அரிது. தோண்டுவதாலேயே குழாய்க்கும் ஆற்றுக்கும் ஊறு நேரலாம். விதிக்கு மிஞ்சிய குறை இருந்தாலும் குழாயின் உறுதிக்கு ஆபத்தில்லாதவற்றை அப்படியே விட்டுவிட அனுமதிக்கவேண்டும் என்று அலியெஸ்கா அரசிடம் விண்ணப்பித்தது.

எளிதில் விடைகூற இயலாத வினா அது. குழாய்ப் பற்றவைப்புகளுக்கான அமெரிக்க விதிநூல் 1953-இல் முதன்முதல் வெளிவந்தது. அடிவரை ஊடுருவாத குறை ஓர் அங்குல நீளத்துக்கு மிஞ்சக்கூடாது என்பது போன்ற எல்லைகளை அது வகுத்திருந்தது. அந்த எல்லை எங்கிருந்து வந்தது? அதற்கு மேல் போனால் குழாய் உடைந்துவிடும் என்னும் கணக்கிலிருந்து அன்று. நல்ல தொழிலாளி ஒருவர் கவனத்தோடு வேலை செய்தால் இதற்கு மிஞ்சிய குறை வராது என்னும் அனுபவத்திலிருந்து வந்தது. அது கைத்திறனின் அளவுகோலே தவிர, அழிவின் அளவுகோல் அன்று. விதியை மீறிய பற்றவைப்பு உடைந்தே தீரும் என்பதில்லை. அதேபோல, விதிக்கு உட்பட்டது என்பதால் மட்டும் ஒன்று காக்கப்பட்டுவிடும் என்பதும் இல்லை.

அரசின் போக்குவரத்துத் துறை, தேசிய அளவைக் கழகத்தின் அறிஞர்களிடம் இவ்வினாவை ஒப்படைத்தது. எவ்வளவு ஆழமும் நீளமும் உள்ள குறை, எவ்வளவு இழுவிசையில், எவ்வளவு குளிரில் விரிசலாக ஓடத் தொடங்கும் என்பதை முறிவியல் கணக்குகளால் அவர்கள் ஆராய்ந்தனர். இதில் பெருந்தடை ஒன்று இருந்தது. ஊடுகதிர்ப் படம் நிழல். நிழலுக்கு நீளமும் அகலமும் உண்டு, ஆழம் இல்லை. சுவரில் விழும் நிழலைக் கொண்டு ஒருவருடைய பருமனைக் கூற இயலுமா? ஆயினும், குறை ஆழமானால் அவ்விடத்து இரும்பு மெலியும். மெலிந்தால் படம் கருக்கும். ஆகவே கருமையின் அளவைத் துல்லியமாக அளந்து, ஆழத்தை மதிப்பிட முயன்றனர். அம்முயற்சியின் எல்லைகளையும், எத்துணைப் பிழை நேரக்கூடும் என்பதையும் 1976-இன் அறிக்கையில் மறைக்காமல் எழுதினர்.

முடிவு என்ன? கணக்கின் வழி நின்று ஒரு குறையை மதிப்பிடலாம் என்பதை அரசு ஏற்றுக்கொண்டது. எனினும் சலுகையை வாரி வழங்கவில்லை. பேச்சும் ஆய்வும் நடந்துகொண்டிருந்த வேளையிலேயே பெரும்பாலான பற்றவைப்புகள் பழுதுநீக்கப்பட்டுவிட்டன. இறுதியில் விலக்கு அளிக்கப்பட்டவை மூன்றே மூன்று. கொயுகுக் ஆற்றின் அடியில் இருந்தவை அவை. விதியைக் கண்மூடிப் பின்பற்றவும் இல்லை. வசதிக்காக வளைக்கவும் இல்லை. விதி எதற்காக எழுந்தது என்று ஆராய்ந்து, அந்நோக்கம் நிறைவேறும் இடத்தில் மட்டும் விலக்கு அளித்தனர். விதியின் எழுத்துக்கும் அதன் உட்பொருளுக்கும் இடையே உள்ள உறவைப் பற்றிச் சிந்திப்போர் இந்நிகழ்ச்சியில் கற்றுக்கொள்ளவேண்டியது நிரம்ப உண்டு. ஒன்றை மட்டும் மறக்கலாகாது. அந்த மூன்றுக்கும் விலக்கு அளிக்க முடிந்தது, அவற்றின் குறைகளை உள்ளவாறே காட்டும் படங்கள் இருந்தமையால்தான். ஒப்புக்கொள்ளப்பட்ட குறையை எடைபோடலாம். மறைக்கப்பட்ட குறையை எவ்வாறு எடைபோடுவது?

1977 சூன் 20-ஆம் நாள் புரூடோ விரிகுடாவிலிருந்து எண்ணெய் புறப்பட்டது. சூலை 28-ஆம் நாள் வால்டெஸ் துறைமுகத்தை அடைந்தது. அதன் பின்னும் இன்னல்கள் வந்தன. 1979-இல் மலைக்கணவாய்ப் பகுதியில் மண் அமிழ்ந்து குழாய் வளைந்து கசிவு ஏற்பட்டது. 1989 மார்ச்சு 24-ஆம் நாள், அதே துறைமுகத்தினின்று புறப்பட்ட ‘எக்சான் வால்டெஸ்’ கப்பல் பாறையில் மோதி, எண்ணெய் கடலில் பரவியது. எத்தனை ஆயிரம் படங்களைப் படித்தாலும், மனிதரின் விழிப்பு தளருமிடத்தில் தீங்கு வேறு வாயில் வழியாக நுழைந்துவிடும் என்பதற்கு அது சான்று.

நம் அருகில்

இக்கலை நமக்கு மிகத் தொலைவில் உள்ளதன்று. திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவெறும்பூரில் 1960-களில் எழுந்த பாரத மிகுமின் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலையும், 1975-இல் அங்கே நிறுவப்பட்ட பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமும் இத்துறையில் நாடறிந்தவை. அவற்றைச் சுற்றி வளர்ந்த பட்டறைகளில் எத்தனையோ இளைஞர்கள் வெல்டர்களாகவும், படமெடுப்போராகவும், படம் படிப்போராகவும் பயிற்சி பெற்றனர். வளைகுடா நாடுகளின் எண்ணெய் ஆலைகளில் இரவெல்லாம் கண்விழித்து இப்பணி செய்வோரில் நம் ஊர்ப் பிள்ளைகளும் உள்ளனர். இன்று பல இடங்களில் பிலிமுக்கு மாற்றாகக் கணினித் திரை வந்துவிட்டது; கேளாஒலி அலைகளால் குறையின் ஆழத்தையும் அளக்கின்றனர். கருவி மாறினாலும், அறிக்கையின் அடியில் பெயரெழுதிக் கையொப்பமிடும் கை மனிதக் கையாகவே இருக்கிறது.

அந்தக் கையொப்பத்தின் பொருளை எண்ணிப் பார்ப்போம். பற்றவைத்தவரின் வேலையை வெளியிலிருந்து எவரும் காணலாம். படித்தவரின் வேலையை எவரும் காண்பதில்லை. அவர் ஒரு படத்தை மூன்று நிமிடம் பார்த்தாரா, மூன்று நொடி பார்த்தாரா என்பது அவருக்கு மட்டுமே தெரியும். நள்ளிரவில், அடுக்கிக் கிடக்கும் நூறு படங்களுக்கு முன், கண் எரிய அமர்ந்திருக்கும்போது, மெல்லிய கீற்று ஒன்று தெரிகிறது. கறையோ, விரிசலோ? கறை என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது, மேலாளர் மகிழ்வார், எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஐயம் என்று எழுதினால் மறுபடியும் படமெடுக்கவேண்டும், நாள் தவறும், முகங்கள் சுளிக்கும். அவ்வேளையில் அவரைக் காவல்காப்பது மனச்சான்று ஒன்றே. கொதிகலன் அருகே நாளை நின்று பணிசெய்யப்போகும் மனிதரை அவர் அறியார். அம்மனிதரும் இவரை அறியார். எனினும் ஒருவருடைய உயிர் மற்றவருடைய கண்ணில் தங்கியிருக்கிறது.

ஆசிரியர் திருத்தும் விடைத்தாளிலும், மருந்துக்கடைக்காரர் ஒட்டும் சீட்டிலும், கணக்கர் சரிபார்க்கும் பேரேட்டிலும் இதுவே நிகழ்கிறது. ‘பார்த்தேன், சரியாக உள்ளது’ என்று எழுதும் ஒவ்வொருவரும், தாம் அறியாத ஒருவருக்காகச் சாட்சி சொல்கின்றனர். அலாஸ்காவின் பனிநிலத்தில் தோண்டப்பட்ட குழிகள் நமக்கு நினைவூட்டுவது இதைத்தான். இரும்பில் ஏற்படும் குறையை வெட்டியெடுத்து மீண்டும் பற்றவைத்துவிடலாம். சாட்சியில் ஏற்படும் குறையைச் சரிசெய்யவோ, புதைத்த எல்லாவற்றையும் மறுபடி தோண்டவேண்டியிருக்கிறது.